நாற்பத்து மூன்று புள்ளி ஏழு

மானாங் மிந்தாவைக் கழகத்தின் தட்டச்சுக்காரி என்று யாராவது சொன்னால், கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தட்டச்சு பண்றதும் நான்தான்" என்பார். அந்த 'உம்'மில்தான் எல்லாம் இருக்கும்.

பனாய் கடலியல் கழகத்துக்குத் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, ஒன்பது பேர் கொண்ட செயற்குழு உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை வரும் ஆய்விதழுக்கு ஓர் இதழாசிரியரும் உண்டு. இவர்கள் எல்லாரும் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவார்கள். 1979-லிருந்து மாறாமல் இருந்தவர் லூஸ்மிந்தா தெருயெல், எங்கள் மானாங் மிந்தா, அதாவது மிந்தா அக்கா ஒருவர்தான். திக்பவானில் கருவாடு போடும் குடும்பம். வணிகப் படிப்பில் இரண்டு வருடம் முடித்தபோது வீட்டில் காசில்லை, படிப்பு நின்றது. இருபத்து மூன்று வயதில் எங்கள் கழகத்துக்கு வேலைக்கு வந்தார்.

பனாய் தீவில், இலோய்லோ நகரின் ஹாரோ பகுதியில் ஒரு ரொட்டிக்கடையின் மாடியில் இரண்டு அறைதான் கழகம். ஒரு அறையில் பழைய இதழ்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். இன்னொன்றில் மானாங் மிந்தா இருப்பார். வருகிற கட்டுரைகளைப் பதிவு செய்வார், மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்புவார், அவர்கள் தூங்கிவிட்டால் போன் போட்டு எழுப்புவார், மெய்ப்புப் பார்ப்பார், படங்களை அளந்து ஒட்டுவார், அச்சகத்தில் போய் நிற்பார். அட்டவணை எதுவானாலும் அடிக்கோல் வைத்து வரிவரியாக இறங்கி, கூட்டுத்தொகை சரியா என்று கூட்டிப் பார்க்காமல் விடமாட்டார். பேராசிரியர்களின் கூட்டல் தவறுகளை அவர் திருத்திய கணக்கு எங்கள் எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்ல மாட்டோம்.

பதவி உயர்வுக்கு இரண்டு கட்டுரை வேண்டும் என்பது விதி. அதனால் பேராசிரியர்கள் வாழையிலையில் சுட்ட பிபிங்கா அப்பத்தோடு மாடியேறி வருவார்கள், கட்டுரை எப்போது வரும் என்று கேட்க.

"அப்பத்துக்கு நன்றி டாக்" என்பார் மிந்தா; டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் எல்லாரும் அவருக்கு 'டாக்'. "உங்க கட்டுரை வரிசையில பதினொண்ணு. அப்பம் வரிசையில முதல்ல இருக்கு, இப்பவே சாப்பிட்டுடறேன்."

எங்கள் ஊர்ப் பேச்சு எவ்வளவு கோபத்திலும் தாலாட்டுப் போலத்தான் ஒலிக்கும். வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டு இலோய்லோக்காரர்கள் சாதுக்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். மானாங் மிந்தாவிடம் ஒருமுறை திட்டு வாங்கினால் அந்த நினைப்பு போய்விடும். அதே தாலாட்டுதான், எலும்பு வரைக்கும் இறங்கும்.

நான் அப்போது மீன் நோய்களைப் பற்றி ஆராய்கிற இளம் விரிவுரையாளன். 2002 ஜூலையில் ஒரு மழை நாளன்று பழைய இதழ் ஒன்றைத் தேடி மாடிக்குப் போனேன். மிந்தா மேசையில் மெய்ப்புத் தாள்களை விரித்துவைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"டாக் ரெனான், கதவைச் சாத்துங்க. இந்த நம்பரெல்லாம் வரிசையா வாசிங்க, நான் கேக்கறேன்."

கழகத்தின் நாற்பதாம் ஆண்டுச் சிறப்பிதழுக்கான மெய்ப்பு அது. முதல் கட்டுரை டாக்டர் அமாதோ சொல்தேவிலாவுடையது. மூன்று முறை கழகத் தலைவராக இருந்தவர், எங்களில் பாதிப் பேருக்கு ஆசான். பால்கெண்டைக் குஞ்சுகளின் தீவனத்தில் ஒரு பொடியைச் சேர்த்தால் சாவு குறையும் என்பது கட்டுரை. பொடியைச் செய்வது மணிலாவில் ஒரு கம்பெனி. குளத்துக்குக் குளம் எத்தனை விழுக்காடு பிழைத்தது என்று பதினெட்டு எண்கள் கொண்ட அட்டவணை.

வாசித்தேன். மிந்தா வேறொரு புத்தகத்தைத் திறந்து வைத்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பதினெட்டுக்கும் ஆட்டினார்.

"உங்க கையில என்ன புத்தகம்?"

"நம்ம இதழ்தான். தொண்ணூத்தி நாலு. அர்செலியோட கட்டுரை."

அர்செலி ஒரு மாணவி. துமங்காஸ் குளங்களில் வரி இறால் எத்தனை பிழைக்கிறது என்று இரண்டு கோடைகள் இடுப்பளவு சேற்றில் நின்று எண்ணியவள். அதுதான் அவளுடைய ஒரே கட்டுரை. பிறகு இங்கே வேலை எதுவும் கிடைக்காமல், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இங்கிலாந்து போய்விட்டாள். அவளுக்கு வழிகாட்டியாக இருந்தவர் டாக்டர் சொல்தேவிலா.

"இறாலும் பால்கெண்டையும் ஒரே மாதிரி பிழைக்கலாமே" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று எனக்குத் தெரிந்தது.

"பதினெட்டு குளத்துலயுமா? புள்ளிக்கு அப்புறமும் மாறாமலா? சரி, அதையும் விடுங்க. ஏழாவது நம்பர் என்ன?"

"நாற்பத்து மூன்று புள்ளி ஏழு."

"அப்படி ஒரு நம்பரே கெடையாது டாக்." அவர் குரல் இன்னும் மென்மையாக, இன்னும் மெதுவாக ஆனது. "அர்செலி எழுதினது நாப்பத்தி ஏழு புள்ளி மூணு. நான் தப்பா அடிச்சேன். புத்தகம் வந்தன்னிக்கு அந்தப் பொண்ணு இந்த மாடிப்படியில உக்காந்து அழுதா. முதல் கட்டுரை இல்லியா. அடுத்த இதழ்ல பிழைதிருத்தம் போட்டு, எல்லாப் பிரதியிலயும் என் கையாலயே சீட்டு செருகினேன். அந்தத் தப்பு என்னோடது. உலகத்துலயே என் விரல்லேர்ந்து மட்டும்தான் அந்த நம்பர் பொறந்துது. அது எப்படி இவரோட குளத்துல நீந்துது?"

மெய்ப்பை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அந்தக் கட்டுரையை மதிப்பாய்வு செய்த இருவரில் நான் ஒருவன். 'சிறப்பான ஆய்வு, அப்படியே வெளியிடலாம்' என்று மூன்று வரி எழுதியிருந்தேன். ஆசானின் கட்டுரை என்பது ஓரத்துக் கையெழுத்திலேயே தெரிந்திருந்தது. அட்டவணையைப் படிக்கவே இல்லை.

மிந்தாவுக்கு அதெல்லாம் தெரியும். மதிப்பாய்வுக்கு அனுப்பியவரே அவர்தானே. மெய்ப்பை எடுத்துக்கொண்டு அன்றைக்கே இதழாசிரியர் டாக்டர் பெர்லாவின் அறைக்குப் போனார், என்னையும் இழுத்துக்கொண்டு.

டாக்டர் பெர்லா கெட்டவர் இல்லை. ஆனால் சிறப்பிதழ் வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. மெய்ப்பைப் பார்த்தார், பழைய இதழைப் பார்த்தார், இரண்டையும் மூடினார்.

"மிந்தா, நீ பாத்தது சரியாவே இருக்கட்டும். அதைச் சொல்ல நீ யாரு?"

"பாத்தவ, டாக்."

"ரெண்டு மதிப்பாய்வாளர் படிச்சு சரின்னு சொல்லியாச்சு. உன் வேலை கமாவும் புள்ளியும்."

"அதுல ஒரு புள்ளியைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்."

"விளையாடாதே. அவர் யாருன்னு தெரியும்ல? விழாவுல அவருக்குத்தான் பதக்கம்."

"பதக்கம் குடுங்க. நான் வேணாங்கலை. ஆனா துமங்காஸ்ல என் கொழுந்தனார் குத்தகைக்குக் குளம் எடுத்திருக்கார். நம்ம இதழ்ல வந்துருச்சுன்னா ஊர்ல எல்லாரும் அந்தப் பொடியை வாங்கிக் கொட்டுவாங்க. குஞ்சு செத்தா யாரு பதில் சொல்றது? பதக்கமா?"

"போதும். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாகணும்."

"என் கையால போகாது. உங்களுக்கும் ரெண்டு கை இருக்கே டாக்."

டாக்டர் பெர்லா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். இதை எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன். மிந்தாவின் கதையில் நான் என்ன செய்தேன் என்பதை மறைத்தால், அதுவும் ஒரு தப்பான எண்ணாகிவிடும்.

வெள்ளிக்கிழமை டாக்டர் பெர்லாவே கோப்புகளை எடுத்துக்கொண்டு அச்சகம் போனார். இதழ் வந்தது, விழா நடந்தது, பதக்கம் கழுத்தில் ஏறியது. மிந்தா விழாவுக்கு வந்தார், பான்சித் நூடுல்ஸ் இரண்டு தட்டு சாப்பிட்டார், கைதட்டாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாளிலிருந்து மெய்ப்புப் பார்க்கும் வேலை அவரிடமிருந்து போனது. சந்தா உறைகளில் தபால்தலை ஒட்டச் சொன்னார்கள்.

"ஒட்டினேன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். "நாக்கு காஞ்சுபோச்சு. ஆனா நாக்கு வேலை செய்யும்போது கை சும்மா இருந்துது இல்ல? கழகத்தோட விதிப்புத்தகத்தை எடுத்துப் படிச்சேன்."

அந்த விதிப்புத்தகத்தை எண்பத்தேழில் தட்டச்சு செய்தவரே அவர்தான். உறுப்பினர் யார் வேண்டுமானாலும் வெளியான கட்டுரையை மறுத்துக் கடிதம் எழுதலாம், இதழாசிரியர் அதை வெளியிட வேண்டும், அல்லது மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தரவேண்டும், மறுத்தால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் முறையிடலாம் என்று அதில் இருந்தது. இணை உறுப்பினராகப் பட்டம் தேவையில்லை. கழகத்தின் நோக்கத்தில் ஆர்வமுள்ள எவரும் சேரலாம். இரண்டு உறுப்பினர்கள் பரிந்துரைத்தால் போதும்.

முதல் கையெழுத்து டாக்டர் ஃப்ளோரிடம் வாங்கினார். எண்பது வயது, கடலட்டைகளுக்குப் பெயர் வைத்தே வாழ்க்கையைக் கழித்தவர். "இத்தனை வருஷமா நீ உறுப்பினரே இல்லியா?" என்று அவர் அதிர்ந்துபோனாராம். "நான் உன்னைத் தலைவர்னு இல்ல நினைச்சிட்டிருந்தேன்?"

இரண்டாவது கையெழுத்துக்கு என்னிடம் வந்தார். போட்டேன். கையெழுத்துப் போடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அதில் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

கடிதம் ஒரே பக்கம். பழைய அட்டவணை, புதிய அட்டவணை, பிழைதிருத்தச் சீட்டின் நகல். கீழே இரண்டு வரி: 'இந்தப் பதினெட்டு எண்கள் ஒரே எண்கள். ஏழாவது எண் என்னுடைய தட்டச்சுப் பிழை. இவை எந்தக் குளத்திலிருந்து வந்தன என்று ஆசிரியர் விளக்க வேண்டும். லூஸ்மிந்தா தெருயெல், இணை உறுப்பினர்.' யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. அர்செலிக்கும் ஒரு நகல் இங்கிலாந்துக்குப் போனது.

இதழாசிரியரின் பதில் மூன்று வாரத்தில் வந்தது. கடிதம் அறிவியல் தகுதி அற்றதாம். டிசம்பரில் இன்னொரு கடிதமும் வந்தது. புத்தாண்டு முதல் அவர் வேலைக்கு வரவேண்டியதில்லை. இருபத்து மூன்று வருட வேலை, நான்கு வரியில் முடிந்தது. அந்த நான்கு வரியில் இரண்டு எழுத்துப்பிழை. சிவப்பு மையால் திருத்தி, "திருத்தப்பட்டது" என்று ஓரத்தில் எழுதி, கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி கிளம்பியது. டாக்டர் சொல்தேவிலா தேநீர் வேளைகளில் சிரித்துக்கொண்டே சொல்வாராம்: "பாவம், பழைய ஃபைலைத் திறந்து வெச்சிட்டு, என் கட்டுரையில இருந்த டேபிள் மேல அதை ஒட்டிருச்சு அந்தப் பொண்ணு. தப்பை மறைக்க இப்போ என் மேல பாயுது." கேட்க நம்பும்படியாகத்தான் இருந்தது. ஏழாவது எண் மிந்தாவின் விரலில் பிறந்தது என்று மிந்தாவே எழுதிக் கொடுத்திருக்கிறாரே. அவருடைய சாட்சியத்தையே அவர் கழுத்துக்குக் கயிறாகத் திரித்துவிட்டார் மனிதர்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம், என் வீட்டு வாசலில் பயணிகளை ஏற்றும் ஒரு ஜீப்னி வந்து நின்றது. மிந்தாவின் கணவர் மானோங் ரூபேன், எங்களுக்கு ரூபேன் அண்ணன், ஓட்டும் வண்டி. அவர் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். மிந்தா மட்டும் இறங்கி வந்தார். காபி கலக்கினேன். குடிக்கவில்லை.

"கேட்டீங்களா, நான்தான் ஒட்டினேனாம்."

"கேட்டேன் மானாங்."

"ஆசிரியர் குடுத்த மூலப் பிரதி அலமாரியில இருந்துது. ஒவ்வொரு பக்கத்துலயும் அவரோட கையெழுத்து, தேதி. நம்ம விதி. இப்போ அலமாரிச் சாவி என்கிட்ட இல்ல. அந்தப் பிரதியும் அங்க இருக்காதுன்னு வெச்சுக்கலாம்." காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஆனா மதிப்பாய்வுக்கு அனுப்பும்போது அந்த மூலத்தைத்தான் நகல் எடுத்து அனுப்புவேன். ஒண்ணு மிந்தனாவோ தீவுக்குப் போச்சு, அந்த மனுஷன் படிச்சதும் கிழிச்சுப் போட்டுட்டாராம். இன்னொண்ணு..."

"என் மேசை டிராயர்ல இருக்கு" என்றேன்.

"தெரியும் தோத்தோ."

இருபது வயதுப் பையன்களை அழைப்பதுபோல் தோத்தோ என்று அவர் என்னை அழைத்தது அன்றுதான்.

"மதிப்பாய்வாளர் பேர் வெளிய வரக்கூடாதுன்னு விதி இருக்கு மானாங்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"இருக்கு. நானும் சொல்ல மாட்டேன். உங்க பேர் இருக்கற சீட்டைக் கிழிச்சுட்டு மீதியைக் குடுங்க. யார் குடுத்தாங்கன்னு கேட்டா, பதில் சொல்லாம நிக்கத் தெரியும் எனக்கு."

"நான் அந்த டேபிளைப் படிக்கவே இல்ல. படிக்காமயே நல்லாருக்குன்னு எழுதினேன்."

"அதுவும் தெரியும். மூணு வரியில ஒருத்தரும் நெஜமா மதிப்பாய்வு எழுதினது இல்ல. இருபத்து மூணு வருஷமாப் பாக்கறேன்." எழுந்துகொண்டார். "நான் ஒரு நம்பரைத் தப்பா அடிச்சேன், ஒத்துக்கிட்டு சீட்டு செருகினேன். செத்துப்போயிட்டேனா? நல்லாத்தான இருக்கேன்?"

டிராயரைத் திறந்து கொடுத்தேன்.

பொதுக்கூட்டம் பிப்ரவரியில், ஒரு ஓட்டலின் கூடத்தில் நடந்தது. அறுபது பேர் வந்திருந்தார்கள். வழக்கமாக முப்பது பேர்தான் வருவார்கள். மிந்தா தைத்து வைத்திருந்த நீலச் சட்டையில், முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலி. டாக்டர் ஃப்ளோர் கைத்தடியோடு தட்டுத்தடுமாறி வந்து ஒன்றில் அமர்ந்தார், அமர்ந்ததும் தூங்கிவிட்டார்.

முறையீடு என்று தலைவர் அறிவித்ததும் மிந்தா எழுந்து கடிதத்தை வாசித்தார். நான்கு நிமிடம் ஆனது. பதில் சொல்ல டாக்டர் சொல்தேவிலா எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல்.

"இந்தாய்" என்று ஆரம்பித்தார். சின்னப் பெண்களைப் பெரியவர்கள் கொஞ்சும் சொல் அது. நாற்பத்தாறு வயதுப் பெண்ணைச் சபையில் அப்படி அழைத்தால் அதில் கொஞ்சல் இல்லை. "இந்தாய், உன்மேல எனக்குக் கோவம் இல்ல. கருவாட்டுக் கொட்டகையிலேர்ந்து வந்து இவ்வளவு தூரம் முன்னேறினவ நீ. களைப்புல ஒரு டேபிளை மாத்தி ஒட்டிட்ட. மனுஷங்க தப்பு பண்றதுதான். மன்னிச்சிட்டேன், உக்காரு."

சிலர் சிரித்தார்கள். மிந்தா உட்காரவில்லை.

"கருவாட்டுக் கொட்டகைதான் டாக்" என்றார். "அங்க ஒரு பழக்கம். கெட்ட மீன் ஒண்ணு நடுவுல கெடந்தா, எங்கம்மா மூக்காலயே கண்டுபிடிச்சு எடுத்துப் போட்ருவாங்க. பட்டம் கேக்க மாட்டாங்க." பையிலிருந்து தாள்களை எடுத்தார். "நீங்க அனுப்பின கட்டுரையோட நகல் இது. நான் ஒரு எழுத்து அடிக்கறதுக்கு முந்தி, உங்க வீட்டு மெஷின்ல அடிச்சு வந்தது. பதினாலாம் பக்கம். இதே பதினெட்டு நம்பர். ஓரத்துல உங்க கையெழுத்து, மார்ச் ஆறுன்னு தேதி. நான் ஒட்டினேன்னா, உங்க வீட்டுக்குள்ள வந்து ஒட்டினேனா?"

சிரிப்பு நின்றது. தாள் கைமாறிக் கைமாறிப் பின்வரிசை வரை போனது. டாக்டர் பெர்லாவின் முகம் வெளுத்தது.

"மதிப்பாய்வுப் பிரதி உனக்கு எப்படிக் கெடைச்சுது?" என்று அவர் கத்தினார். "அலமாரியை உடைச்சியா? திருடினியா?"

மிந்தா பதில் சொல்லவில்லை. சொன்னதுபோலவே நின்றார். திருடினாயா என்று இன்னும் இரண்டு குரல்கள் கேட்டன. போலீஸ் என்றார் ஒருவர். அவர் அசையவில்லை, என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் நான் உட்கார்ந்தே இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

"நான்தான் குடுத்தேன்" என்று எழுந்தேன். "மதிப்பாய்வு பண்ணவன் நான். ஒழுங்காப் படிக்கலை. அவங்க படிச்சாங்க."

டாக்டர் சொல்தேவிலா என்னை ஒரு பார்வை பார்த்தார். பன்னிரண்டு வருடம் எனக்குக் கற்றுக்கொடுத்தவரின் பார்வை. அதை இங்கே விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

பிறகு மிந்தா இன்னொரு தாளை வாசித்தார். அர்செலியிடமிருந்து வந்த பதில். தன்னுடைய களக் குறிப்பேடு இன்னும் தன்னிடம் இருக்கிறது, ஏழாம் குளம் நாற்பத்து ஏழு புள்ளி மூன்று, அன்று தன் காலில் சிப்பி கிழித்தது, குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில் கறை இருக்கிறது என்று எழுதியிருந்தாள். எண்ணும்போது அங்கே பால்கெண்டை ஒன்றுகூட இல்லை என்றும்.

வாக்கெடுப்பு நடந்தது. கடிதத்தை வெளியிட வேண்டும் என்பதற்கு முப்பத்தொன்று, வேண்டாம் என்பதற்கு இருபத்தேழு. டாக்டர் ஃப்ளோரைத் தட்டி எழுப்பித்தான் கை தூக்க வைத்தார்கள். எதற்கு என்று கேட்காமலே தூக்கினார் என்று எதிர்த்தரப்பு இன்றும் சொல்லும். நான் நேர் பின்னால்தான் இருந்தேன். "மிந்தா கேட்டதுக்குத்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்கினார்.

வெற்றி என்று சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. கடிதம் அடுத்த இதழில் வந்தது. அதற்கும் ஒரு வருடம் கழித்து, கடைசிப் பக்கத்தில் ஆறு வரியில், 'தொழில்நுட்பக் காரணங்களால்' கட்டுரை திரும்பப் பெறப்பட்டதாக ஓர் அறிவிப்பு வந்தது. டாக்டர் சொல்தேவிலா எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஓய்வு பெறும்வரை பதவியில் இருந்தார். பதக்கத்தையும் யாரும் திரும்பக் கேட்கவில்லை. எனக்குக் கிடைக்கவேண்டிய உயர்வு ஆறு வருடம் தள்ளிப்போனது. பொடியை விற்ற கம்பெனி மட்டும் எங்கள் கட்டுரையைக் காட்டி விளம்பரம் செய்வதைச் சத்தமில்லாமல் நிறுத்திக்கொண்டது. துமங்காஸில் எத்தனை பேர் அதை வாங்காமல் தப்பினார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

புதிய செயற்குழு மிந்தாவை வேலைக்குத் திரும்ப அழைத்தது. ஒரு நிபந்தனை. பொதுக்கூட்டத்தில் பேசிய 'தொனி'க்கு வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதிக் கொடுக்கவேண்டும்.

"தொனியா?" என்றார் மிந்தா, செய்தி கொண்டுபோன என்னிடம். "தாலாட்டாத்தானே பாடினேன்? போய்ச் சொல்லுங்க, வருத்தம் ஸ்டாக்குல இல்லைன்னு."

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, பாச்சோய் சூப் விற்கும் கடைக்கும் நகல் எடுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு பெட்டிக்கடை போட்டார். ஆய்வேடு தட்டச்சு, பக்க வடிவமைப்பு, அட்டை. மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். அட்டவணை கூட்டிச் சரிவராவிட்டால் அடிக்க மாட்டார், திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு துறைத்தலைவர் தன் மாணவர்களை அந்தக் கடைக்குப் போகக் கூடாது என்று தடுத்தார். அதற்குப் பிறகு கூட்டம் இரண்டு மடங்கானது.

கழகத்தை அவர் விடவில்லை. சந்தாவை ஒரு வருடம்கூடத் தவறவிடாமல் கட்டினார். செயற்குழுத் தேர்தலில் நின்றார், தோற்றார். மறுபடி நின்றார், மறுபடி தோற்றார். "இன்னும் எத்தனை தடவை மானாங்?" என்று கேட்டேன். "அவங்களுக்கு அலுக்கற வரைக்கும்" என்றார். 2009-ல் ஜெயித்தார். பட்டமில்லாமல் அந்த மேசையில் உட்கார்ந்த முதல் ஆள்.

நான் சொல்லவந்ததில் மிச்சமிருப்பது 2014-ல் நடந்தது. அந்த வருடம் டாக்டர் சொல்தேவிலா இறந்துபோனார். இதழில் இரங்கல் குறிப்பு வரவேண்டும். குடும்பத்தார் எழுதிக் கொடுத்த வரைவில் அவருடைய கட்டுரைகளின் பட்டியல் இருந்தது. திரும்பப் பெறப்பட்ட அந்தப் பால்கெண்டைக் கட்டுரையும் இருந்தது, மற்றவற்றைப் போலவே. அப்போது நானும் செயற்குழுவில் இருந்தேன்; எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடலாம்" என்றார் தலைவர். "யாருக்கும் சங்கடம் இல்ல."

"எடுக்கக் கூடாது" என்றார் மிந்தா. எல்லாரும் திரும்பினோம். "எழுதினவர் அவர்தானே? இருக்கட்டும். பக்கத்துல 'திரும்பப் பெறப்பட்டது'ன்னு போடணும், அவ்வளவுதான். இறாலைப் பத்தி அவர் எழுதின முதல் ஆறு கட்டுரை அருமையானது. நான்தான் அடிச்சேன், எனக்குத் தெரியும். அதையும் நல்லாப் பெருசா எழுதுங்க. ரெண்டும் நெஜம்."

"செத்தவரை இன்னும் விடமாட்டியா மிந்தா?" என்று ஒருவர் கேட்டார்.

"செத்தவர்மேல எனக்கு என்ன? நாளைக்கு ஒரு பையன் பட்டியலைப் பாத்து அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்து நம்புவானே, அவனை நான் எப்படி விடறது?"

அப்படியேதான் அச்சானது. குடும்பத்தார் கோபித்துக்கொண்டு இதழின் பிரதிகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

அதற்கு முன்பே, அடக்கத்துக்கு முந்தைய நாள், மிந்தா அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தார். நான் கூடப் போனேன். கையில் ஒரு டப்பா பிஸ்கோச்சோ ரஸ்க். டாக்டரின் மனைவி வாசலில் நின்றிருந்தார். டப்பாவை வாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருமகள் யாரோ வந்து, "இப்போ வேண்டாமே" என்று மெல்லச் சொன்னாள். நான் மிந்தாவின் முழங்கையைப் பிடித்தேன், போய்விடலாம் என்று.

அவர் கையை விடுவித்துக்கொண்டார். டப்பாவை மற்றவர்கள் கொண்டுவந்தவற்றோடு மேசையில் வைத்தார். கூடத்தின் கடைசி வரிசையில் ஒரு மடக்கு நாற்காலியைத் தானே விரித்துப் போட்டு உட்கார்ந்து, ஜெபமாலையின் ஐம்பது மணிகளையும் ஒன்று விடாமல், எல்லாரோடும் சேர்ந்து உரக்கச் சொன்னார். எழுந்து போகும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை.